நவராத்திரிக்கு முதல் நாள் எழுதிய கடிதம்

(வரன் அறிமுகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்தே இத்தனை வருஷம் போய்விட்டது. போன வாரம் நம் காரியதரிசி மாமா கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இன்டர்நெட்ல பார்த்துக் கல்யாணம் பண்ணிண்டவா. அதைப் பத்திப் பதினஞ்சு நிமிஷம் பேசுங்கோ. பொண்ணு, பிள்ளையோட வந்திருக்கறவாளுக்குக் கொஞ்சம் தைரியம் வரும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். தைரியம் வருமோ என்னவோ, ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

இன்று கைபேசியில் வரன் பார்ப்பது சகஜமாகிவிட்டது. 2002-ல் அப்படி இல்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைக்கத் தொடங்கியதே 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் கல்யாணத் தளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாரத் மேட்ரிமனியைத் தொடங்கிய முருகவேல் ஜானகிராமன் தம் மனைவியையே தம்முடைய தளத்தின் வழியாகத்தான் கண்டார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் எங்கள் வீடுகளில் அப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஹிந்து பேப்பர்தான். பெட்டி எண்ணுக்கு ஜாதக நகலை அனுப்பிவிட்டுத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் நாக்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். நாக்பூரில் நம்மவர்கள் இருந்தார்கள், ஆனால் கல்யாணம் என்று வரும்போது எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன என்பது மற்ற வீடுகளுக்கும் தெரியும். அதுதான் என் கஷ்டமாக இருந்தது.

பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது நான் விழுந்தேன். காக்காய் வலிப்பு என்று நம் பக்கம் சொல்வார்களே, அது. யாரோ என் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். பிறகு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மாத்திரை ஆரம்பித்தது. நடுவில் சில தடவை வந்தது. இருபத்து நாலு வயதுக்குப் பிறகு வரவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றில் எழுபது பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நானும் அந்த எழுபதில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். படித்தேன், வேலைக்குப் போனேன். ஆனால் வீட்டில் அந்த மாத்திரை டப்பா இருந்த இடம் அம்மாவின் புடவை அலமாரியில், மடிப்புக்கு உள்ளே.

1999-ல் ஒரு வரன் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தாயிற்று. எங்கள் தூரத்து உறவு மாமி ஒருத்தர் பிள்ளை வீட்டாரிடம், "இப்பல்லாம் அவளுக்கு வலிப்பு வரதில்லையோன்னோ?" என்று கேட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். மறுநாளே பிள்ளையின் அப்பா வந்தார். "வியாதியை மறைச்சுத் தலையில கட்டப் பார்த்தேளே" என்று எங்கள் கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார். காபி கொடுத்தோம், தொடவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த மனிதர்மேல் அப்படிக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் சொன்ன விதம் கடுமை, சொன்ன விஷயம் பொய்யில்லை.

நம் பெரியவர்கள் பயந்ததிலும் காரணம் இல்லாமல் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் அடிக்கடி வலிப்பு வருவது கல்யாணத்துக்கு ஒரு தடையாகவே எழுதப்பட்டிருந்தது. 1999-ல் வந்த திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். என் வரன் கலைந்ததும் அதே வருஷம். சட்டம் மாறியது எங்கள் கூடத்துக்கு உடனே தெரியவில்லை!

பிறகு மூன்று வருஷம் யாரும் பேச்சை எடுக்கவில்லை. 2002 ஜூனில் என் தம்பி ஒரு நாள், "அக்கா, உன்னைக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன்" என்று வந்து நின்றான். எனக்கு அப்போது 29 வயது. தர்மபேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். என்னை அழைத்துப் போய்க் காட்டினான். கோத்திரம், நட்சத்திரம், உட்பிரிவு எல்லாம் வரிசையாக இருந்தன. 'பக்தி உள்ளவள், சங்கீதத்தில் ஈடுபாடு, நன்றாகச் சமைப்பாள்' என்று எழுதியிருந்தான். என் சமையலைச் சாப்பிட்டவன் அவன், துணிந்து எழுதியிருக்கிறான். உடல்நிலை என்ற கட்டத்தில் 'நார்மல்' என்று இருந்தது. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. கல்கத்தாவிலிருந்து. லேக் மார்க்கெட் பக்கத்தில் வீடு, தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை, வயது 33. வழக்கமாக வருகிற கடிதங்களில் சம்பளமும் சொந்த வீடும் இருக்கும். இதில் ஒரு கேள்விதான் இருந்தது: 'நான் பேசுகிற தமிழைக் கேட்டு மெட்ராஸ் உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். நாக்பூர்த் தமிழுக்கும் அந்த மரியாதை உண்டா?'

நான் பதில் எழுதினேன்: 'வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளிக்கூடத்தில் ஹிந்தி. சண்டை போடும்போது மூன்றும்.'

அப்படி ஆரம்பித்தது. தம்பியின் மெயிலை விட்டுவிட்டு எனக்கென்று ஒரு முகவரி திறந்துகொண்டேன். வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு. இங்கிலீஷில் எழுதுவோம், நடு நடுவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போடுவோம். அதில் ஒரு வேடிக்கை. அவருக்கு ஒரு அக்கா உண்டு என்று விவரத்தில் இருந்தது. ஒரு கடிதத்தில் 'அக்காவுக்குப் படம் என்றால் உயிர்' என்று எழுதியிருந்தார். இங்கிலீஷ் எழுத்தில் படமும் பாடமும் ஒன்றுதானே! நான் வாத்தியார் ஆயிற்றே, பாடம் என்று படித்துவிட்டேன். 'அக்காவும் டீச்சரா? என்ன பாடம் எடுக்கிறார்?' என்று கேட்டேன். 'பாடம் இல்லை, படம். சிவாஜி படம்' என்று பதில் வந்தது. பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்தக் கடிதங்கள் நின்றுபோனால் எனக்குத் தாங்காது என்று அன்றைக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு மாதம் போனால் இன்னும் தாங்காது.

அந்த வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி நவராத்திரி ஆரம்பம். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொலுப்படி கட்டிவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய் எழுதினேன். நாலைந்து வரிதான். 'எனக்குப் பதினான்கு வயதிலிருந்து எபிலெப்ஸி இருக்கிறது. ஐந்து வருஷமாக வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், இனிமேலும் சாப்பிடுவேன். என் விவரத்தில் நார்மல் என்று இருப்பது தம்பி போட்டது. தடுக்காமல் இருந்தது நான். உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டியதில்லை.'

ஒன்பது நாள் பதில் இல்லை. தினமும் சுண்டல் பண்ணி, வந்த மாமிகளுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பிவிட்டு, கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. வெறும் கையோடு திரும்பி வந்து ஆரத்தி எடுப்பேன். அம்மா, "எங்கேடி தினம் போறே?" என்று கேட்டாள். "நோட்டுத் திருத்தணும்மா" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தவள், அம்மாவிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்!

விஜயதசமி அன்று சாயங்காலம் கடிதம் வந்தது. அதன் சாரத்தைச் சொல்கிறேன். 'பூஜை லீவு என்று சொல்லித் தப்பிக்கலாம். கல்கத்தாவில் அந்த நாட்களில் எல்லாம் மூடித்தான் இருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தை முதல் நாளே படித்துவிட்டேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அக்காவுக்கு 38 வயது. மனசு ஏழு வயதுக் குழந்தை. பிறவியிலேயே அப்படி. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்குப் பிறகு அக்கா என்னோடுதான் இருப்பாள், எந்த விடுதிக்கும் அனுப்ப மாட்டேன். இதைக் கேட்டு மூன்று வரன்கள் போய்விட்டன. பாடமா என்று நீங்கள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை.'

அதன் கீழே மூன்று கேள்விகள். என்ன மாத்திரை? எத்தனை மணிக்கு? எப்போதாவது வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள், நடந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர் அதுவரை ஒருத்தரும் இல்லை. எப்போது காதல் வந்தது என்று என் பெண் கேலியாகக் கேட்பாள். இதைத்தான் சொல்வேன், அந்த மூன்றாவது கேள்வியில்.

பதிலும் எழுதினேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைக்கலாம். கையையும் காலையும் அமுக்கக் கூடாது. வாயில் ஸ்பூனும் தண்ணீரும் கூடாது. இரும்புச் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்றிரவே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு நான் எழுதியதைவிட அவர் எழுதியதுதான் அதிர்ச்சி. "அந்தப் பொண்ணைக் காலம் பூரா நீ பார்த்துக்கணுமேடி" என்று அழுதாள். பாட்டி அதற்கு நடுவில், "வடமாளா, பிருகசரணமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வெகு நேரம் பேசவில்லை. அவர் கூடத்தில் அந்த நாற்காலியைப் பார்த்தபடி இருந்தார், 1999-ல் ஒருவர் உட்காராமல் நின்றாரே, அதற்குப் பக்கத்து நாற்காலி. பிறகு சொன்னார்: "அவா நம்மகிட்ட எதை மறைக்கலையோ, அதை நாம குறையாச் சொல்லப்படாது."

ஜாதகம் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், பொருந்தியது. ஆனால் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ஜாதகம் கைமாறியது. பிறகு டெலிபோன். இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் குறையும், அதற்காகக் காத்திருப்போம். முதல் நாள் இரண்டு பேரும் மாறி மாறி 'ஹலோ' சொல்லியே பாதிப் பணம் போயிற்று.

டிசம்பரில் அவர்கள் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் வந்தார்கள். மதியம் ஹௌராவில் ஏறினால் மறுநாள் காலை நாக்பூர். அவர், அவருடைய சித்தப்பா, கூடவே அக்கா. அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் போட்டோவில் பார்த்திருந்தாலும் பிளாட்பாரத்தில் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி, "மாத்திரை சாப்பிட்டியா?" என்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஒரு நிமிஷம் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு "சாப்பிட்டேன் அக்கா" என்றேன். பதினைந்து வருஷம் புடவை மடிப்பில் இருந்த டப்பா அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

2003 ஜூனில் நாக்பூரிலேயே கல்யாணம். தூக்கம் கெடுவதும் மருந்து தவறுவதும் எனக்கு ஆகாது. அப்பா வாத்தியாரிடம் நேரே போய் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, விரதத்தைக் கெடுக்காதவை என்று சாஸ்திரம் எட்டுச் சொல்கிறது, அதில் மருந்தும் ஒன்று, குழந்தை தாராளமாகச் சாப்பிடட்டும் என்றார். விடிகாலை முகூர்த்தத்தை விட்டு ஒன்பது மணிக்கு மேல் ஒரு முகூர்த்தமும் பார்த்துக் கொடுத்தார். முன்னாலேயே சொல்லியிருந்ததால்தான் இத்தனை சுலபமாக முடிந்தது. மறைத்திருந்தால் அந்த இரண்டு நாளும் நான் ஒளிந்து ஒளிந்து மாத்திரை விழுங்கியிருப்பேன், அல்லது விழுங்காமல் விட்டிருப்பேன். ஹோமப் புகையில் என்ன ஆகியிருக்குமோ.

வாழ்க்கை பூராவும் சுகமாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். முதல் வருஷம் அக்காவுக்கும் எனக்கும் பெரிய யுத்தம். தம்பி தன்னோடு மட்டும் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும் அவளுக்கு. நடுவில் நான் உட்கார்ந்தால் டி.வி.யை அணைத்துவிடுவாள். ஒரு நாள் கோபத்தில் அவரிடம், "இதையெல்லாம் நீங்க எழுதவே இல்லையே" என்று கத்தினேன். அவர், "எனக்கே தெரியாததை எப்படி எழுதறது?" என்றார். நியாயம்தான். எதையெல்லாம் முன்னால் சொல்ல முடியும் என்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது.

டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, மாத்திரையை மாற்றி, ஃபோலிக் ஆசிட் சேர்த்து, 2005-ல் எங்கள் பெண் பிறந்தாள். எபிலெப்ஸி இருக்கிற பெண்கள் குழந்தைக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்ப்பது மிக முக்கியம். சில மருந்துகள் சிசுவுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்துவதும் ஆபத்து. குழந்தை ராத்திரி தூங்காது, நானும் தூங்கவில்லை. எட்டு வருஷமாக வராதது ஒரு நாள் வந்துவிட்டது. மத்தியானம், அவர் ஆபீஸில். மாமியார் பூஜை அறையில். நான் கூடத்தில் விழுந்திருக்கிறேன். எனக்கு நினைவு இல்லை, மாமியார் சொல்லித்தான் தெரியும். அவர் ஓடி வருவதற்குள் அக்கா என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் தலையணையைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "வாயில ஒண்ணும் போடப்படாது, வாயில ஒண்ணும் போடப்படாது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, பொம்மையை வைத்துப் பழக்கியிருந்தாராம். நான் விஜயதசமிக்கு மறுநாள் எழுதிய பதில், வார்த்தைக்கு வார்த்தை.

அதற்குப் பிறகு டி.வி. முன்னால் எனக்கும் இடம் கிடைத்தது.

மாமியார் 2011-ல் காலமானார். 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, அதற்கான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பம் போட்டு, அக்காவுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆனோம். இப்படிப்பட்ட குழந்தைகள் பதினெட்டு வயது தாண்டினாலும் பெற்றோர் அல்லது உறவினர் பாதுகாவலராக விண்ணப்பிக்க அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. இன்று காலையிலும் "மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்டுத்தான் என்னை இந்தக் கூட்டத்துக்கு அனுப்பினாள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இங்கே வந்திருக்கிற பெற்றோர்களில் சிலர் மனசில் ஏதோ ஒன்று இருக்கும். சர்க்கரை, தைராய்டு, பழைய விவாகம், வீட்டில் ஒரு உடம்பு சரியில்லாதவர், அடைக்க வேண்டிய கடன். அதை விவரப் படிவத்தில் போட்டு ஊருக்கெல்லாம் பறைசாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முகம் தெரியாதவர்கள் பார்க்கிற இடத்தில் அது வேண்டாம். ஆனால் பேச்சு நாலு தடவை வளர்ந்து, ஒருவருக்கொருவர் பிடிக்கிறது என்று தெரிந்ததும், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், சத்திரம் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அம்மா அப்பா சொல்வதைவிடச் சம்பந்தப்பட்ட பெண்ணோ பிள்ளையோ தானே சொல்வது நல்லது. முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கினால் கல்யாணத்தையே ரத்து செய்யக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் பயந்து சொல்ல வேண்டாம். சொன்னால் சிலர் போய்விடுவார்கள். எனக்கும் போயிருக்கலாம். அந்த ஒன்பது நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அப்படிப் போகிறவர்கள் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே போவது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் ஒருவர் இப்படி ஒன்றைச் சொன்னால், உடனே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு நாள் வைத்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், அதில் தப்பில்லை.

கம்ப்யூட்டர் எங்களுக்குச் செய்த உபகாரம் பெரிது. நாக்பூரில் இருந்தவளுக்குக் கல்கத்தாவில் ஒருவர் இருக்கிறார் என்று வேறு யார் சொல்லியிருப்பார்கள்? இன்று நம் சங்கத்துக் குழந்தைகள் இன்னும் தூர தூர ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது உதவட்டும். ஆனால் 'நார்மல்' என்று ஒரு கட்டத்தில் போட்டதும் அதே கம்ப்யூட்டரில்தான். அதைத் திருத்தி எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் போக வேண்டியிருந்தது.

பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டது. காரியதரிசி மாமா கடிகாரத்தைப் பார்க்கிறார். வந்திருக்கிற குழந்தைகள் எல்லோருக்கும் சீக்கிரமே நல்ல இடம் அமையட்டும்.